டிஸ்ப்ளே போன கம்ப்யூட்டர்: சரிசெய்வதா, மாற்றுவதா?

லேப்டாப் திரையில் கோடு விழுந்தாலோ, திரை இருண்டு போனாலோ, சேலத்தில் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது "பேனல் மாத்த எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். கடைக்காரர் ஐந்தாயிரம் என்பார். உடனே வீட்டிலுள்ள கல்லூரிப் பிள்ளை, "பழசுல அஞ்சாயிரம் போடறதுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதுசே வாங்கிடலாம்ப்பா" என்று ஆரம்பிக்கும். அந்த 'இன்னும் கொஞ்சம்' முப்பத்தைந்தாயிரம் என்பது மட்டும் பேச்சில் வராது.

கடைக்காரர் சொல்வதும் தவறில்லை, பிள்ளை சொல்வதும் தவறில்லை. ஆனால் இருவரும் இரண்டு கேள்விகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கெட்டுப்போனது எந்தப் பாகம்? அதைச் சரிசெய்யப் போடும் பணம், இந்த மெஷின் ஒருநாள் நின்றுபோகும்போது அதோடு போய்விடுமா, நம் கையில் மிஞ்சுமா? என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். முதல் கேள்விக்கு வீட்டிலேயே காசு செலவில்லாமல் பதில் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அதை முதலில் முடித்துக்கொள்வோம்.

கெட்டது எது?

நாம் பார்க்கும் படம் மதர்போர்டில் இருக்கும் கிராபிக்ஸ் சிப்பில் உருவாகிறது. அங்கிருந்து, திரையை மூடித் திறக்கும் கீலான ஹிஞ்ச் வழியாக நுழைந்து வரும் மெல்லிய கேபிள் அதைப் பேனலுக்குக் கொண்டுபோகிறது. பேனலுக்குள் படத்தைக் காட்டும் எல்சிடி அடுக்கு ஒன்று, அதற்குப் பின்னால் வெளிச்சம் கொடுக்கும் எல்இடி பேக்லைட் ஒன்று. இந்த நான்கில் எது போனாலும் நாம் சொல்வது 'டிஸ்ப்ளே போச்சு' என்ற ஒரே வார்த்தைதான். செலவு மட்டும் சில நூறு ரூபாயிலிருந்து பத்தாயிரத்துக்கு மேல் வரை எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும்.

முதல் சோதனைக்கு வீட்டு டிவி போதும். எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை லேப்டாப்பிலும் டிவியிலும் செருகுங்கள். படம் தானாக வரவில்லை என்றால் விண்டோஸ் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'பி' விசையை ஓரிரு முறை தட்டி, என்டர் அடித்துப் பாருங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்தால் கிராபிக்ஸ் சிப் நன்றாக இருக்கிறது, கோளாறு கேபிள் அல்லது பேனல் பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். டிவியிலும் அதே கோடுகள், கட்டம் கட்டமான சிதறல்கள் வந்தால் பேனலை மாற்றி ஒரு பயனும் இல்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கடை தேடி ஐந்து ரோட்டுக்கோ புது பஸ் ஸ்டாண்டுக்கோ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

டிவி கைவசம் இல்லையா? ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதில் கோடு இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ பேனலிலோதான். கோடு ஸ்கிரீன்ஷாட்டிலேயே பதிவாகியிருந்தால் கிராபிக்ஸையும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் சந்தேகப்பட வேண்டும். டிரைவர் சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு வழி, மெஷினை ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன், மெஷினின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரைக்குப் போய் ஐந்து நிமிடம் அப்படியே விட்டுப் பார்ப்பது. அங்கே ஆடாமல் அசையாமல் நின்று, விண்டோஸ் வந்ததும் நடுங்கினால் டிரைவரை மாற்றிப் போட்டாலே சரியாகிவிட வாய்ப்பு அதிகம். டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: பல மாடல்களில் 'டி' விசையை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகக் காட்டும். அதில் கோடு தெரிந்தால் பேனலைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

அப்புறம் திரையை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொரு கோணத்தில் போனால் ஹிஞ்சுக்குள் மடங்கி மடங்கித் தேய்ந்த கேபிள்தான் காரணம். திரை முழுக்க வெள்ளையாக ஒளிர்ந்து படம் மட்டும் இல்லை என்றாலும் முதலில் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். திரை முழு இருட்டாக இருந்தால், விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பேக்லைட் மட்டும் எரியவில்லை. அது பேனலுக்குள் இருக்கும் எல்இடி வரிசையாகவும் இருக்கலாம், மதர்போர்டில் அதற்கான சின்ன ஃப்யூஸ் போனதாகவும் இருக்கலாம்.

மேலிருந்து கீழ் வரை ஒரே இடத்தில் நிற்கும் மெல்லிய நிறக் கோடு வேறு ரகம். பேனல் கண்ணாடியின் விளிம்பில் மெல்லிய ஃபிலிம் கம்பிகள் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒட்டு விடுவதால் வருவது அது. சட்டத்தின் மேல் லேசாக அழுத்தினால் கோடு போய் மறுபடி வந்தால் சந்தேகமே வேண்டாம். பெரிய டிவி பேனல்களுக்கு இந்த ஒட்டை மறுபடி ஒட்டித் தரும் மெஷின் வைத்திருக்கிறார்கள். லேப்டாப் பேனலுக்கு அந்தக் கூலி கொடுத்தால் பாதிப் பேனல் விலை வந்துவிடும், அதனால் யாரும் செய்வதில்லை.

கடைசியாக, டிஸ்ப்ளே கோளாறு மாதிரி வேஷம் போடும் ரேம் கோளாறு. ஃபேன் ஓடுகிறது, கீபோர்டு லைட் எரிகிறது, திரையில் ஒன்றுமே இல்லை, டிவியிலும் இல்லை. போர்டு போய்விட்டது என்று பதறுவதற்கு முன் ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். ஏற்காட்டில் இது சாதாரணமாக நடப்பது. 1,500 மீட்டர் உயரத்தில், மாதக்கணக்கில் மூடுபனிக்குள் இருக்கும் ஊரில், ஈரம் உலோக முனைகளில் பிடித்துத் தொடர்பைக் கெடுத்துவிடுகிறது. சீசன் முடிந்து பூட்டிப் போட்ட காட்டேஜில் மூன்று மாதம் கழித்து கம்ப்யூட்டரை ஆன் செய்து 'வரவில்லை' என்று சொல்பவர்கள், பாதி நேரம் இதற்காகத்தான் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறார்கள்.

மலைக்குக் கீழே எதிரி வேறு. அம்மாப்பேட்டை, இளம்பிள்ளைப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத்தூசி ஃபேனையும், சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கையும் அடைத்துக்கொள்கிறது. காற்றுப் போக வழியில்லாமல் சிப் சூடேறி, அரை மணி நேரம் கழித்துத் திரை சிதற ஆரம்பிக்கும், ஆறவைத்தால் சரியாகும். இப்படிச் சூடானால் மட்டும் வரும் கோளாறுக்கு முதல் மருந்து பேனலும் இல்லை, புது லேப்டாப்பும் இல்லை. திறந்து சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றுவதுதான். சில நூறு ரூபாய் வேலை.

கேபிள், ஃப்யூஸ், ஹிஞ்ச்: யோசிக்காமல் செய்யலாம்

கோளாறு கேபிளில் என்று தெரிந்தால் ஒப்பீடே தேவையில்லை. கேபிள் மாடலைப் பொறுத்து ஏறக்குறைய ஐந்நூறிலிருந்து ஆயிரத்தைந்நூறு, கூலி தனி. பத்து வருடப் பழைய மெஷினாக இருந்தாலும் செய்துவிடலாம். பேக்லைட் ஃப்யூஸும் அப்படித்தான்.

ஹிஞ்ச் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த லேப்டாப்புகளில் ஹிஞ்ச் இறுகிப்போய், அது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் புடைப்பைப் பிய்த்துவிடும். மூடித் திறக்கும்போது 'டக்'கென்று சத்தம், ஒரு மூலையில் சட்டம் பிளந்து நிற்கும். இந்த நிலையில் பேனலை மட்டும் மாற்றினால் புதுப் பேனலையும் கேபிளையும் அதே ஹிஞ்ச் கடித்துவிடும். அரால்டைட் போட்டு ஒட்டித் தருவது ஒரு வழி, பின்பக்க மூடியையே மாற்றுவது நல்ல வழி. பேனல் விலை கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள். சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறும்.

பேனல் மாற்றுவது

வெளியே டெல், எச்பி, லெனோவோ என்று எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் பேனல் பெரும்பாலும் பிஓஇ, ஏயுஓ, இன்னோலக்ஸ், எல்ஜி போன்ற சில கம்பெனிகளில் ஒன்று செய்ததுதான். அதனால் 'கம்பெனி ஒரிஜினல்' என்று கூடுதல் விலை சொன்னால் மயங்க வேண்டியதில்லை. அளவு, தெளிவு, பின் எண்ணிக்கை, ஸ்க்ரூ மாட்டும் காது இருக்கிறதா இல்லையா, இந்த நான்கும் ஒத்துப்போனால் பேனல் பொருந்தும். சாதாரணத் திரைக்கு 30 பின், டச் உள்ளதற்கும் 120, 144 ஹெர்ட்ஸ் கேமிங் திரைக்கும் பெரும்பாலும் 40 பின். பழைய பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று கடைகளில் போனிலேயே விலை கேட்கலாம்.

15.6 இன்ச் ஃபுல் எச்டி பேனல் ஏறக்குறைய நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரை சொல்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டியது ஐபிஎஸ் பேனல். பழைய டிஎன் பேனலைவிடச் சில நூறு ரூபாய் கூட இருந்தாலும், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் மாறாது. மாட்டி முடித்ததும் கடையிலேயே திரை முழுக்க வெள்ளை, பிறகு முழுக் கறுப்பு வைத்துப் பாருங்கள். புள்ளி, நிழல், விளிம்பில் வெளிச்சக் கசிவு இருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும்; வீட்டுக்கு வந்து சொன்னால் "நீங்க அழுத்தியிருப்பீங்க" என்பார்கள்.

டச் ஸ்கிரீன் கண்ணாடியோடு ஒட்டிய பேனல்கள், மெல்லிய புது மாடல்கள், ஆப்பிள் மேக்புக் ஆகியவை இந்தக் கணக்கில் வராது. அவற்றில் பல சமயம் மேல் மூடியையே முழுசாக மாற்ற வேண்டியிருக்கும். அப்போது செலவு மெஷினின் இன்றைய மதிப்பையே எட்டிவிடும்.

சரி, ஐந்தாயிரம் போடலாமா? இங்கேதான் எல்லோரும் பேனல் விலையைப் புது லேப்டாப் விலையோடு ஒப்பிட்டு, 'எட்டில் ஒரு பங்கு, பரவாயில்லை' என்றோ 'பழசுக்கு இவ்வளவா' என்றோ முடிவு கட்டுகிறார்கள். ஒப்பிட வேண்டியது வருடக் கணக்கு. நாற்பத்திரண்டாயிரத்துக்குப் புதிது வாங்கி ஆறு வருடம் ஓட்டினால் வருடத்துக்கு ஏழாயிரம். கூலியோடு 5,700 ரூபாய்க்குப் பேனல் மாற்றிய பழைய மெஷின் இன்னும் பத்து மாதம் ஓடினாலே அந்தப் பணம் கழிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஓடுவதெல்லாம் லாபம். மூன்று வருடம் ஓடினால் வருடத்துக்கு 1,900 ரூபாய்தான். புதிதை ஒரு வருடம் தள்ளிப்போடுவதே ஒரு சம்பாத்தியம் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் பேனலோடு பேட்டரி, ஹிஞ்ச், கீபோர்டு என்று வரிசையில் நின்றால் பில் பன்னிரண்டாயிரத்தைத் தொடும். அந்தப் பணத்துக்கு அதே மாடல் நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும் விலையை நெருங்கிவிட்டோம். அப்போது கையை எடுத்துவிட வேண்டும். பேனல் மட்டும் என்றால் செய்யலாம். இன்னும் இரண்டு பாகம் கூட வருகிறது என்றால் வேண்டாம் என்பது என் வரம்பு.

வயதையும் பார்க்க வேண்டும், ஆனால் வாங்கிய வருடத்தை வைத்து இல்லை, ப்ராசஸரை வைத்து. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு அறிவித்த கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். ஐ5-8250 என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8 தான் தலைமுறை. ஐ5-7200 என்றால் ஏழு, தேறாது. ஏஎம்டி ரைசனில் 3000 வரிசையிலிருந்து பொதுவாகப் பிரச்சினை இல்லை. இன்டெல் எட்டாம் தலைமுறை லேப்டாப் சிப்கள் 2017 கடைசியில்தான் வர ஆரம்பித்தன. ஆகவே 2018-க்குப் பிறகு வாங்கிய, ப்ராசஸரும் தேறுகிற நல்ல மெஷினுக்குத் தைரியமாகப் பேனல் போடலாம். அதற்கு முந்தையதில் பேங்க், ஜிஎஸ்டி, டேலி என்று பணம் புழங்கும் வேலை நடக்கிறது என்றால் பேனலில் பணம் போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். அந்தப் பணம் வேறு எதற்கும் உதவாமல் அந்த மெஷினோடு முடங்கிவிடும்.

மானிட்டர் வாங்கி மாட்டுவது

கடையில் யாரும் தானாகச் சொல்லாத வழி இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். லேப்டாப்பின் திரையை மறந்துவிட்டு, 22 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்று வாங்கி எச்டிஎம்ஐயில் மாட்டிவிடுவது. புது மானிட்டர் ஏறக்குறைய ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம், பழையது அதில் பாதிக்குள். மூடியை மூடினாலும் மெஷின் தூங்காமல் இருக்க, பவர் செட்டிங்கில் மூடி மூடும்போது 'எதுவும் செய்யாதே' என்று வைத்துக்கொள்ளலாம். சில மாடல்கள் கீபோர்டு வழியாகவும் சூட்டை வெளியே விடும் என்பதால் கொஞ்சம் திறந்தே வைப்பது நல்லது.

பேனலுக்குப் போட்ட ஐந்தாயிரம் லேப்டாப்போடு சாகும். மானிட்டருக்குப் போட்ட ஏழாயிரம் சாகாது. நாளைக்கு மதர்போர்டு போனாலும், மானிட்டரை வைத்துக்கொண்டு ஒரு சின்ன மினி பிசியோ, செகண்ட் ஹேண்ட் சிபியு பெட்டியோ வாங்கினால் போதும். புது லேப்டாப்பே வாங்கினாலும் அதற்கு இரண்டாவது திரையாகிவிடும். எஸ்எஸ்டிக்கும் இதே நியாயம்தான்: பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் மெஷின் வேகம் கண்ணுக்குத் தெரியும், மெஷின் நின்றாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிக்கொள்ளலாம். பழைய கம்ப்யூட்டரில் பணம் போடத்தான் வேண்டும் என்றால், கழற்றி எடுத்துப் போகக்கூடிய பாகத்தில் போடுங்கள்.

இந்த ஊரில் இதற்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. லேப்டாப்பின் பேட்டரி கொஞ்சமாவது உயிரோடு இருந்தால் அதுவே யுபிஎஸ். கரண்ட் போனால் மானிட்டர் அணையும், மெஷின் அணையாது, பாதியில் நின்ற பில் அப்படியே இருக்கும். டெஸ்க்டாப்புக்கு இந்த வசதி கிடைக்கத் தனியாக யுபிஎஸ் வாங்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு பட்டறை வைத்திருப்பவர், அன்னதானப்பட்டியில் வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவர், ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீஸ் என்று லேப்டாப்பை மேசையை விட்டு நகர்த்தவே செய்யாதவர்கள் ஏராளம். ஏன் லேப்டாப் வாங்கினார்கள் என்றால், அப்போது எல்லோரும் லேப்டாப் வாங்கினார்கள், அவ்வளவுதான். இவர்களுக்குப் பேனல் மாற்றுவதைவிட மானிட்டர் எல்லா விதத்திலும் மேல். ஐம்பது தாண்டிய கண்ணுக்கு 14 இன்ச் திரையில் எண்களைத் தேடும் தொல்லையும் தீரும்.

யாருக்கு ஒத்துவராது? கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கு. ஏற்காட்டிலிருந்து வாரம் ஒருமுறை கீழே இறங்கி வேலை பார்ப்பவர்களுக்கு. இட நெருக்கடி உள்ள வீட்டுக்கு. 32 இன்ச் டிவியையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். படம் பார்க்க, பாடம் கேட்கச் சரி. சாதாரண எச்டி டிவியின் தெளிவு 1366-க்கு 768 தான். கிட்டே உட்கார்ந்து எக்ஸெல் பார்த்தால் எழுத்து விளிம்பெல்லாம் பிசிறடிக்கும்.

அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் இன்னும் பல வீடுகளில் அலமாரியில் இருக்கின்றன. அவற்றின் தொடக்கக் காலத்து மாடல்களுக்குப் பேனல் மாற்றுவது வீண். விண்டோஸ் 11 அவற்றுக்கு எட்டாக்கனி. வீட்டில் சும்மா கிடக்கும் மானிட்டரை மாட்டி, லினக்ஸ் மின்ட் போல எடை குறைந்த ஒன்றைப் போட்டால், சின்னப் பிள்ளை தட்டச்சு பழகவும் பாட வீடியோ பார்க்கவும் ஓரளவு ஓடும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது, காசும் போடக் கூடாது.

சிப் லெவல் சர்வீஸ்

டிவியிலும் சிதறல் வந்தது, ரேம் துடைத்தும் சரியாகவில்லை, தூசி தட்டியும் சரியாகவில்லை. கிராபிக்ஸ் சிப்பைத்தான் சொல்ல வேண்டும். "சிப் லெவல்ல பார்த்துடலாம், நாலாயிரம் ஆகும்" என்பார்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். சிப்பைச் சூடாக்கி மறுபடி ஒட்டவைப்பது என்றால் வேண்டாம். சூட்டில் உள் இணைப்புகள் தற்காலிகமாகச் சேர்ந்துகொள்ளும், சில வாரமோ சில மாதமோ ஓடும், அப்புறம் அதே சிதறல். கொடுக்கும் கேரண்டி ஒரு மாதம் என்றால் அது ஏன் ஒரு மாதம் என்று யோசித்துப் பார்க்கலாம். ஆப்பிளின் 2011 மேக்புக் ப்ரோவில் கிராபிக்ஸ் கோளாறு பரவலாக வந்து, 2015-ல் அந்தக் கம்பெனியே இலவசமாகச் சரிசெய்து தர வேண்டியிருந்தது. அதுவே போர்டை மாற்றித்தான் செய்தது, சூடாக்கி இல்லை.

சிப் லெவல் ஆட்களைக் குறைத்துச் சொல்லவில்லை. பேக்லைட் ஃப்யூஸ், பேனல் கேபிள் மாட்டும் கனெக்டர், பவர் ஐசி மாதிரி வேலைகளில் அவர்கள் காப்பாற்றும் மெஷின்கள் நிறைய. கம்பெனி சர்வீஸ் சென்டரில் முழு போர்டுக்கு விலை சொல்லும் இடத்தில் ஐந்நூறு, ஆயிரத்தில் முடித்துத் தருவார்கள். இரண்டையும் 'போர்டு வேலை' என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம்.

ரீஃபர்பிஷ்டு, புதியது

மெஷினை மாற்றுவது என்று முடிவானால் நேராகப் புதியதற்குப் போக வேண்டியதில்லை. பெரிய கம்பெனிகள் சில வருடம் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகை லேப்டாப்புகள் சரிபார்க்கப்பட்டு, 'ரீஃபர்பிஷ்டு' என்ற பெயரில் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வருகின்றன. எட்டாம், பத்தாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேமோடு ஏறக்குறைய இருபது, இருபத்தைந்தாயிரத்துக்குக் கிடைக்கும். கட்டுமானத்தில் முப்பத்தைந்தாயிரம் ரூபாய்ப் புது லேப்டாப்பைவிட இவை உறுதி. ஹிஞ்ச் உலோகச் சட்டத்தில் நிற்கும், பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும். பயாஸ் பாஸ்வேர்டு பூட்டியிருக்கிறதா, பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வெள்ளைத் திரையில் நிழல் தெரிகிறதா, பில் தருகிறார்களா என்று பார்த்து வாங்க வேண்டும். பில் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள்.

புதிதில் என் பயம் விலை குறைந்த கடைசிப் படிதான். 4 ஜிபி ரேம், செலரான் ப்ராசஸர், மங்கலான டிஎன் திரை, ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், கூட்ட முடியாது. இதை வாங்குவதற்கு ஆறு வருடப் பழைய ஐ5-க்குப் பேனல் போடுவது எவ்வளவோ மேல். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டே போனதால் புது லேப்டாப் விலைகளும் சௌகரியமாக இல்லை. பழசை ஒரு வருடம் இழுத்துப் பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

ஏற்காட்டுக்காரர்கள் புதிது வாங்கும்போது ஒன்றைக் கேட்க வேண்டும். வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்சைட் வாரண்டி பின்கோடு பார்த்துத்தான் செயல்படும். 636601-க்கு ஆள் வருவாரா, கீழே கொண்டுவரச் சொல்வார்களா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண வாரண்டியில் உடைந்த திரை சேராது. அதற்குத் தனிப் பாதுகாப்புத் திட்டம் எடுக்க வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தப் பணம் வீண் போகாது.

ஜிஎஸ்டி பதிவு உள்ள தொழிலுக்காக வாங்குபவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். லேப்டாப்புக்கான 18 சதவீத வரியை உள்ளீட்டு வரிக் கழிவாக எடுத்துக்கொள்ளலாம், வருமான வரியில் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டு. ரிப்பேர் செலவை அந்த வருடச் செலவாகவே முழுசாகக் காட்டிவிடலாம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பில் இல்லாத ரிப்பேருக்கு இதெல்லாம் இல்லை.

டெஸ்க்டாப்பாக இருந்தால்

பாதி வேலை மிச்சம். மானிட்டர் தனி, பெட்டி தனி என்பதால் பக்கத்து வீட்டு மானிட்டரை ஐந்து நிமிடம் கடன் வாங்கினால் தெரிந்துவிடும். மலையிலிருந்து இறங்குபவர்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், எது கெட்டதோ அதை மட்டும் கொண்டுவரலாம். ஆன் செய்ததும் இரண்டு வினாடி படம் வந்து இருண்டுபோகும் பழைய மானிட்டரில், உள்ளே பவர் போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கும் வாய்ப்பு அதிகம். இதற்கு கம்ப்யூட்டர் கடையே வேண்டாம், நல்ல டிவி மெக்கானிக் சில நூறு ரூபாயில் மாற்றித் தந்துவிடுவார். மானிட்டர் பதினைந்து வருடப் பழசு, உள்ளே குழல் விளக்கு வகை பேக்லைட் என்றால் அதையும் செய்ய வேண்டாம். புது மானிட்டர் மின்சாரமும் குறைவாகவே இழுக்கும்.

கடையில் கொடுப்பதற்கு முன்

எந்த வழியில் போனாலும், டிவியில் படம் தெரியும் மெஷினைக் கடையில் கொடுப்பதற்கு முன் அந்த டிவியை வைத்தே எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். டேலி டேட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன், போட்டோ எல்லாம் அதில் அடக்கம். விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்புகளில் டிஸ்க் பூட்டு தானாகவே போட்டிருக்கும். மதர்போர்டில் கை வைத்தால், திரும்ப ஆன் செய்யும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "சும்மா பேனல் மட்டும்தானே" என்று விட்டுவிட்டு, கடைக்காரர் போர்டைத் தொட்ட பிறகு அந்த எண்ணைத் தேடி அலைபவர்கள் உண்டு.

மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் பழையதை உடனே எடைக்குப் போடாதீர்கள். திரை மட்டும் போன லேப்டாப்பை பாகங்களுக்காக வாங்கிக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. ப்ராசஸர் தலைமுறையைச் சொல்லிக் கேட்டால் ஒரு விலை வரும். கொடுப்பதற்கு முன் எஸ்எஸ்டியைக் கழற்றி இருநூறு முந்நூறு ரூபாய் யுஎஸ்பி உறையில் போட்டால் அது உங்களுக்கு வெளி டிஸ்க் ஆகிவிடும். பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். சார்ஜ் போடாமல், குத்தாமல், அழுத்தாமல், பேட்டரியைக் கழற்றித் தரச் சொல்லி அன்றைக்கே சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.